பிளாட்பாரத்தில் ஒரு போன்: வீடற்றவர்களும் கைபேசியும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் பாரிமுனை, வால்டாக்ஸ் சாலை, சென்ட்ரல், ராயபுரம் பக்கம் நடைபாதையில் இரவைக் கழிக்கிறவர்களோடு பழகுகிற எங்களிடம் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை. சில கேள்விகள் உதவ நினைக்கிறவர்களிடமிருந்து வரும், சில எரிச்சலில் வரும். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எரிச்சலில் கேட்பவர்தான் நாளைக்கு பேங்க் கவுன்டரிலோ இ-சேவை மையத்திலோ எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பார்.

வீடே இல்லை என்கிறார்கள், கையில் மட்டும் டச் போன் எப்படி வந்தது?

வாங்கினார்கள். பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட், டிஸ்ப்ளேயில் கீறல் விழுந்தது, இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்குள். வடசென்னையில் ஓர் ஒற்றை அறைக்குக் கேட்கிற அட்வான்ஸில் இப்படிப் பத்து போன் வாங்கிவிடலாம், அதனால் போனை விற்றால் வீடு வந்துவிடும் என்ற கணக்கு எந்தப் பக்கத்திலிருந்து போட்டாலும் சரிவராது.

இன்னொன்று. நடைபாதையில் இருப்பவர் என்றால் வேலை இல்லாதவர் என்று பலர் நினைக்கிறார்கள். பூக்கட்டி விற்பவர், மீன்பாடி வண்டி ஓட்டுபவர், லோடு ஏற்றி இறக்குபவர், பழைய பேப்பர் பொறுக்குபவர், கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுபவர் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். இரண்டு மூன்று தலைமுறையாக ஒரே நடைபாதையில் குடும்பமாக வாழ்கிறவர்கள் சென்னையில் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க வீடற்றவர்கள் என்று பதிவானவர்கள் 17.7 லட்சம் பேர். இரவில் தேடிப்போய் எண்ண வேண்டிய மக்கள் என்பதால் உண்மையான எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும் என்று இந்தத் துறையில் இருக்கிற எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன்.

சாப்பாட்டைவிட போன் அவசியமா?

சாப்பாடே போன் வழியாகத்தான் வருகிறது என்றால்? கேட்டரிங் வேலைக்குப் போகிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயந்திரம் மேஸ்திரியிடமிருந்து கால் வரும், "காலையில நாலு மணிக்கு மண்டபத்துக்கு வந்துடு, பத்துப் பேர் வேணும்." அந்தக் கால் எடுக்கப்படவில்லை என்றால் மேஸ்திரி அடுத்த நம்பருக்குப் போய்விடுவார். இரண்டு முறை எடுக்காவிட்டால் மூன்றாவது முறை கூப்பிடவே மாட்டார். அந்த மனிதருக்கு அந்த மாதத்தின் முகூர்த்த நாட்களே போய்விடும்.

நமக்கு விலாசம் என்று ஒன்று இருக்கிறது. யாராவது தேடினால் அங்கே வந்து கதவைத் தட்டலாம், இல்லையென்றால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகலாம். கதவு இல்லாதவருக்கு அந்த இடத்தில் இருப்பது ஒரு பத்து இலக்க எண். வேலை கொடுப்பவர், பிள்ளை படிக்கிற மாநகராட்சிப் பள்ளியின் டீச்சர், ஆஸ்பத்திரி, ஊரில் இருக்கிற தங்கை, எல்லாரும் அந்த எண்ணில்தான் அவரைக் கண்டுபிடிக்க முடியும். பிரச்சினை எங்கே என்றால், எண் மாறாமல் இருக்கும் என்று நம்பித்தான் பேங்கும் அரசும் எல்லாவற்றையும் கட்டியிருக்கிறார்கள். நடைபாதையில் எண் நிலைப்பதில்லை. கீழே வருகிற பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

சார்ஜ் எங்கே போடுவார்கள்?

இதைக் கேட்கிறவர்கள் குறைவு, ஆனால் அவர்களின் நாளை நிர்ணயிப்பதே இதுதான். டீக்கடையில் பாய்லருக்குப் பின்னால் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருக்கும், அதில் நாலைந்து போன் தொங்கும். எது யாருடையது என்று தெரிய ஒன்றில் ரப்பர் பேண்ட், ஒன்றில் பூ நூல், ஒன்றின் பின்பக்கம் சாமி ஸ்டிக்கர். டீ குடித்தால் சும்மா போட விடுகிற கடைக்காரர்கள் உண்டு, பத்து இருபது வாங்குகிறவர்களும் உண்டு. கோயில் மண்டபம், ரயில் நிலையம், அரசு ஆஸ்பத்திரி வராந்தா, தெரிந்த வாட்ச்மேன் இருக்கிற கட்டடம், இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு வரைபடமே மனதில் இருக்கிறது.

போனை சார்ஜில் விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியாது. பக்கத்திலேயே உட்கார்ந்தால் அந்த இரண்டு மணி நேரக் கூலி போச்சு. கடைக்காரரை நம்பி விட்டுப் போனால், கால் வரும்போது கையில் போன் இல்லை. மழைக்காலத்தில் இது இன்னும் மோசம், பாலிதீன் கவரில் இரண்டு சுற்றுச் சுற்றி இடுப்பில் செருகியிருந்தாலும் சார்ஜ் பின் நுழைகிற ஓட்டையில் ஈரம் ஏறிவிடும். அப்புறம் அந்த போன் சார்ஜே ஏறாது. பிளாட்பாரத்து போன்கள் சீக்கிரம் சாவது கீழே விழுந்து மட்டுமல்ல, இப்படியும்தான்.

ரீசார்ஜ் செலவை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

கஷ்டப்பட்டு. 2024 ஜூலையில் கட்டணம் ஏறியபோது 28 நாள் பேக் ஒன்று 179 ரூபாயிலிருந்து 199 ஆனது. மாதச் சம்பளக்காரருக்கு அந்த 20 ரூபாய் தெரியாது, தினக்கூலிக்காரருக்குத் தெரியும். 199 ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைப்பதுதான் கஷ்டம். முன்பு பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று போட்டுக்கொண்டே சிம்மை உயிரோடு வைத்திருக்க முடிந்தது, இன்று பேக் முடிந்தால் கொஞ்ச நாளில் இன்கமிங்கும் நின்றுவிடுகிறது. பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான பேக் கொடுக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது, நல்ல உத்தரவு. ஆனால் கம்பெனிகள் அதை 84 நாள், 365 நாள் என்று பெரிய தொகையாகக் கொண்டுவந்தன. இன்றைக்குக் கையில் 50 ரூபாய் இருப்பவருக்கு அது எப்படி உதவும்?

ஒரு விதி தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ப்ரீபெய்ட் சிம்மை 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் எண்ணைத் துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாய் பேலன்ஸ் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு மேலும் 30 நாள் எண்ணை வைத்திருப்பார்கள். துண்டித்த எண் பிறகு வேறொருவருக்குப் போய்விடும். எண்ணை இழந்தவருடைய பேங்க் ஓடிபி யாரோ ஒரு முகம் தெரியாதவருக்குப் போகும். ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்து எழுந்து வந்தவருக்கு இது நடக்கும், ஊருக்குப் போய்த் திரும்பியவருக்கும் நடக்கும்.

விலாசமே இல்லாதவருக்கு சிம் எப்படிக் கிடைக்கிறது?

ஆதாரில் ஏதோ ஒரு விலாசம் இருந்தால் போதும். பலருக்கு விட்டுவந்த ஊரின் விலாசம் இருக்கும், கைரேகை வைத்தால் சிம் வந்துவிடும். ஆதாரே இல்லாதவர்களுக்குத்தான் சிக்கல். அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் ஆதார் ஆணையத்தின் படிவத்தில் சான்று கொடுத்தால் அதைக் காட்டி ஆதார் எடுக்கலாம், கவுன்சிலரோ எம்எல்ஏவோ கொடுக்கிற சான்றும் செல்லும். இந்தப் படிவம் இருப்பதே பல காப்பகங்களுக்குத் தெரியாது, கேட்டு வாங்குங்கள்.

இதற்கு நேர்மாறாக ஒன்றைச் சொல்லவேண்டும். வாக்காளர் பட்டியலில் சேர நடைபாதைவாசிக்கு விலாசச் சான்று தேவையில்லை. படிவம் 6 கொடுத்தால் பூத் அலுவலர் இரவில் நேரில் வந்து, அதுவும் ஒரு இரவுக்கு மேல் வந்து, அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் போதும். அரசு ஆளைத் தேடி வருகிற இந்த ஏற்பாட்டை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஓட்டுக்கு முடிகிறது என்றால் மற்ற திட்டங்களுக்கும் முடியும். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியபோது ரேஷன் கார்டு வைத்துத்தான் விண்ணப்பம் வாங்கினார்கள். கார்டு இல்லாத நடைபாதைப் பெண்கள், அந்த மாத ஆயிரம் ரூபாய் மற்றவர்களைவிட அதிகம் தேவைப்படுகிற பெண்கள், அந்த வரிசைக்கே வர முடியவில்லை.

போன் திருடு போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாமே?

போனை வாங்கலாம். எண்ணைத் திரும்ப வாங்குவதுதான் நாய்பட்ட பாடு. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தூங்கும்போது தலைமாட்டுப் பையோடு போகும். அந்தப் பையில் போன் மட்டுமா இருக்கும்? ஆதார், பேங்க் பாஸ்புக், ஏடிஎம் கார்டு, மாத்திரைச் சீட்டு எல்லாம் அதில்தான். அதே எண்ணில் டூப்ளிகேட் சிம் கேட்டால் ஆதார் கேட்பார்கள். ஆதாரை ஆன்லைனில் எடுக்கலாம் என்றால் ஓடிபி தொலைந்த எண்ணுக்குப் போகும். சரி, ஆதார் மையத்துக்கே போய்க் கைரேகை வைத்து எடுக்கலாம் என்றால், பத்து வருஷம் மூட்டை தூக்கிய விரலில் ரேகை எங்கே இருக்கிறது? மெஷின் சிவப்பு விளக்குக் காட்டும், பின்னால் நிற்பவர்கள் முனகுவார்கள், இவர் எழுந்து வந்துவிடுவார். விரல் சரியில்லை என்றால் கண்ணை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்று அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவர் நின்று சொன்னால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். அவருக்கு அதைச் சொல்லும் துணிச்சல் இருக்காது. அழுக்குச் சட்டையோடு ஏசி அறைக்குள் நிற்பதே அவருக்குப் பெரிய பாடு.

சிம் கிடைத்தாலும் உடனே ஓடிபி வராது. சிம் மாற்றிய பிறகு 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, மோசடியைத் தடுக்க வைத்த விதி, அது நியாயமானதுதான். ஆனால் பேங்கில் "நாளைக்கு வாங்க" என்று சொல்கிறவர், நாளைக்கு அவர் கூலியை விட்டுவிட்டு வரவேண்டும் என்பதை நினைப்பதில்லை.

செய்யவேண்டியவை இவை. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி) வாங்குங்கள், நடைபாதையில் இருப்பவர் என்பதற்காகப் புகாரை மறுக்க முடியாது. டூப்ளிகேட் சிம் எடுங்கள். அப்புறம் 2023-ல் வந்த, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ரசீதை ஏற்றி, ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை முடக்கலாம், முடக்கினால் அந்த போன் இந்தியாவில் எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாது. ஐஎம்இஐ தெரியவேண்டுமே என்றால், போன் கையில் இருக்கும்போதே *#06# அழுத்தி வருகிற 15 இலக்கத்தைக் காகிதத்தில் எழுதி காப்பகத்திலோ நம்பகமான கடைக்காரரிடமோ கொடுத்து வைக்க வேண்டும். கூடவே ஆதார் எண், நாலு முக்கிய போன் நம்பர். எல்லாவற்றையும் போனுக்குள்ளேயே வைத்திருக்கிறவர்களுக்கு தங்கை நம்பர்கூட மனப்பாடமாகத் தெரியாது.

செகண்ட் ஹேண்ட் போன் வாங்கும்போது எதைப் பார்க்கவேண்டும்?

திருட்டு போனா என்று. போலீஸ் ரோந்தில் முதலில் நிறுத்தப்படுகிறவர் நடைபாதைக்காரர்தான், "இந்த போன் ஏது உனக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. கேஒய்எம் (KYM) என்று ஆங்கில எழுத்தில் அடித்து, இடம் விட்டு ஐஎம்இஐ எண் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்த போனின் நிலை வரும். கடைக்காரரிடம் துண்டுச் சீட்டிலாவது பில் வாங்கவேண்டும். பட்டன் போன் வாங்குகிறவர்கள் 4ஜி போனா என்று பார்க்கவும், பழைய 2ஜி செட்டில் ஜியோ சிம் வேலை செய்யாது.

"ஆதாரைக் கொடு, ஐநூறு தர்றேன்" என்று யாராவது கேட்டால்?

கொடுக்கவே கூடாது. அவர் பெயரில் சிம் வாங்குவார்கள், பேங்க் கணக்கு திறப்பார்கள், அதன் வழியாக ஏமாற்றுப் பணம் ஓடும். எங்கோ ஒரு ஊரிலிருந்து போலீஸ் வரும்போது கிடைப்பது இவர் பெயர் மட்டும்தான். ஐநூறு ரூபாய் இவருக்கு இரண்டு நாள் சாப்பாடு என்று தெரிந்தே வந்து கேட்கிறார்கள், அதுதான் வயிற்றெரிச்சல். தன் பெயரில் எத்தனை எண் ஓடுகிறது என்பதை சஞ்சார் சாத்தியிலேயே பார்க்கலாம், தன்னுடையது இல்லாததை நீக்கச் சொல்லலாம். பணம் போய்விட்டால் சைபர் மோசடி உதவி எண் 1930.

ஜிபே வந்த பிறகு சில்லறை கிடைப்பதில்லையாமே?

உண்மை. பூ வாங்குகிறவர்கூட "ஸ்கேனர் இல்லையா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கூடைக்குப் போகிறார். யுபிஐ வைக்க பேங்க் கணக்கு வேண்டும், அதில் இணைத்த அதே சிம் கையில் இருக்கவேண்டும், மறுபடி அதே கதைதான். சிலர் பக்கத்துக் கடைக்காரரின் ஸ்கேனரில் போடச்சொல்லி மாலையில் காசாக வாங்கிக்கொள்கிறார்கள், கமிஷன் பிடித்தும் பிடிக்காமலும். பணம் வந்த சத்தம் கேட்டாலும் கையில் வரும்வரை நம்பிக்கையில்லை என்று ஒரு பூக்கார அம்மா சொன்னார்.

வேறு நாட்டிலும் இதே நெருக்கடி வந்தது. ஸ்வீடனில் ரொக்கம் கிட்டத்தட்ட மறைந்துகொண்டிருந்தபோது, 2013-ல் ஸ்டாக்ஹோமில் வீடற்றவர்கள் தெருவில் விற்கிற பத்திரிகை ஒன்று விற்பனையாளர்களின் கையில் கார்டு ரீடரைக் கொடுத்தது. நாமும் தனித்தனி ஆளாக ஸ்கேனர் தேடச் சொல்லாமல், காப்பகமோ மகளிர் குழுவோ முன்னின்று கணக்குத் திறந்து கொடுப்பதுதான் வழி.

நாள் முழுக்க ரீல்ஸ்தானே பார்க்கிறார்கள்?

நீங்கள் பார்க்கவில்லையா? வேலை முடிந்து வந்து டிவி போடுகிறோம். அவர்களுக்கு டிவி, ரேடியோ, கதவு, சுவர் எல்லாமே அந்த ஆறு இஞ்ச் திரைதான். வாகனம் ஓடுகிற சாலைக்கு மூன்றடி தள்ளிப் படுத்துக்கொண்டு காதில் இளையராஜா பாட்டு கேட்பவருக்கு அந்த அரை மணி நேரம் மட்டும்தான் தனக்கென்று இருக்கிறது. சூதாட்ட ஆப்களில் பணத்தை விட்டவர்களும் உண்டு, அது தனிக் கவலை, ஆனால் அது பங்களாவாசிக்கும் உள்ள கவலை.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஏதாவது தனிச் சிக்கல் உண்டா?

பெண்கள் போனைப் பாதுகாப்புக்காக வைத்திருக்கிறார்கள், அதே போன் வழியாகத் தொல்லையும் வருகிறது. ஒரு கால் எடுத்தால் போதும், நம்பர் பரவிவிடும். நம்பரை மாற்றினால் வேலைக்குக் கூப்பிடுகிறவர்களை இழக்கவேண்டும். தூங்கும்போது யாராவது வீடியோ எடுக்கிறார்களோ என்ற பயம் வேறு. பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098, இரண்டையும் நாங்கள் காகிதத்தில் எழுதிக் கொடுக்கிறோம்.

குழந்தைகள் விஷயத்தில் 2020, 2021-ஐ மறக்க முடியாது. பள்ளி மூடியது, பாடம் போனுக்குப் போனது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது, டிவி வைக்கச் சுவர் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? ஆளுக்கு ஒரு போன் இல்லை, குடும்பத்துக்கே ஒன்று, அதை அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். பள்ளி திறந்தபோது பல பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். இப்போதும் வீட்டுப்பாடம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது. டீச்சர்களுக்கு ஒரு வேண்டுகோள், கரும்பலகையிலும் எழுதிவிடுங்கள்.

உதவி செய்வதை வீடியோ எடுத்துப் போடலாமா? நாலு பேருக்கு ஊக்கமாக இருக்குமே.

வேண்டாம். முடிவெட்டி, குளிப்பாட்டி, புதுச்சட்டை போட்டு, சோகப் பாட்டுச் சேர்த்துப் போடுகிற வீடியோக்களைச் சொல்கிறேன். அந்த மனிதர் சம்மதித்தாரா? பசியோடு இருக்கிறவரிடம் சாப்பாட்டுப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே கேட்பது சம்மதமா? அவர் மகள் ஊரில் அந்த வீடியோவைப் பார்ப்பாள், பள்ளியில் கூடப் படிக்கிற பையன்கள் பார்ப்பார்கள். எங்கள் பகுதியில் ஒரு பையன் வகுப்புக்குப் போவதையே நிறுத்தியது இதனால்தான்.

புகைப்படமே கூடாது என்று சொல்லவில்லை. ஊர்ப் பெயர் மட்டும் சொல்லத் தெரிந்த ஒருவரின் படத்தை அந்த ஊர்க் காவல் நிலையத்துக்கு அனுப்பி, மறுமுனையில் அண்ணன் வீடியோ காலில் வந்து நிற்பது நடக்கிறது. சென்னைக் காவல்துறை 2021-ல் தொடங்கிய காவல் கரங்கள் திட்டம் இந்த வேலையைச் செய்கிறது. படம் யாருக்குப் போகவேண்டுமோ அவருக்கு மட்டும் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ரயில் நிலையத்தில் இலவச வைஃபை இருக்கிறதே, போதாதா?

அரை மணி நேரம் இலவசம், உள்ளே நுழைய ஓடிபி வேண்டும். சிம் இல்லாதவருக்கு அது இல்லை. அதோடு ரயில் நிலையத்தில் டிக்கெட் இல்லாமல் எவ்வளவு நேரம் உட்கார விடுவார்கள்? நியூயார்க்கில் 2016-ல் தெருவோரம் இலவச வைஃபை, சார்ஜ், இணையம் பார்க்கத் திரை எல்லாம் வைத்த கம்பங்கள் வந்தன. வீடற்றவர்கள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று புகார் கிளம்ப, அதே ஆண்டு செப்டம்பரில் திரையில் இணையம் பார்க்கும் வசதியையே எடுத்துவிட்டார்கள். அதிகம் தேவைப்பட்டவர்கள் அதிகம் பயன்படுத்தினார்கள், அதுவே குற்றமாகிவிட்டது.

காப்பகங்களில் என்ன இருக்கவேண்டும்?

பூட்டு உள்ள லாக்கர், லாக்கருக்குள்ளேயே பிளக் பாயின்ட். இதை முதலில் செய்யுங்கள். நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் சொன்னது, 2013-ல் நகர்ப்புற வீடற்றோர் காப்பகத் திட்டமும் வந்தது, ஆளுக்கு 50 சதுர அடி என்று அளவெல்லாம் வகுத்தார்கள். சுவரில் எத்தனை பிளக் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. பெரிய கூடத்தில் இரண்டே பிளக் இருந்தால் ராத்திரி சண்டை அதற்காகத்தான் வரும். அப்புறம் காப்பகத்தின் லேண்ட்லைன் எண்ணை வேலை கொடுப்பவர்களுக்குத் தகவல் எண்ணாகக் கொடுக்க அனுமதியுங்கள். ஆதார் மைய ஆட்கள் மாதம் ஒரு முறையாவது காப்பகத்துக்கு மெஷினோடு வரவேண்டும், பகலில் அல்ல, எல்லாரும் திரும்பி வந்த பிறகு.

என்னிடம் பழைய போன் இருக்கிறது, கொடுக்கலாமா?

தாராளமாக. முதலில் அவருக்கு எது வேண்டும் என்று கேளுங்கள். நாலு நாள் சார்ஜ் நிற்கிற பட்டன் போன்தான் வேண்டும் என்பவர்கள் நிறைய. 2023-ல் 999 ரூபாய்க்கு வந்த ஜியோ பாரத் மாதிரியான 4ஜி பட்டன் போனில் யுபிஐயும் ஓடும். டச் போன் கொடுப்பதாக இருந்தால் ரீசெட் செய்வதற்கு முன்பே உங்கள் கூகுள் கணக்கை அதிலிருந்து நீக்குங்கள், இல்லையென்றால் ரீசெட் ஆன பிறகு உங்கள் பாஸ்வேர்டு கேட்டு நின்றுவிடும், அவர் கையில் அது வெறும் கட்டி. பேட்டரி அரை நாள்கூட நிற்காத போனைக் கொடுக்காதீர்கள். சார்ஜரும் கூடவே கொடுங்கள். "இந்த போனை இன்னாருக்கு நான் கொடுத்தேன்" என்று ஐஎம்இஐ எண்ணோடு ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, உங்கள் பெயரும் நம்பரும் போட்டுக் கையெழுத்திடுங்கள். ரோந்துப் போலீஸ் கேட்டால் அவர் அதைக் காட்டுவார், அவர்கள் உங்களைக் கூப்பிட்டால் போனை எடுத்துப் பேசுங்கள்.